மேகக் கணினியும் நம் மண்டபத்துக் கூரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் சென்ற மாதம் நம்மை அழைத்து, "ஆண்டு விழாவில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்" என்று பணித்தபோது நாம் திகைத்தோம். நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் வாகன் கணக்கும் டெமரேஜ் கணக்கும் எழுதி வருவதே நம் தொழில். எனினும் அவர் விடவில்லை. "கூரையைப் பற்றிப் பேசுங்கள், அந்தப் பில்லைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுங்கள்" என்றார். கற்றோர் நிறைந்த இந்த அவையில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கூரை பறந்த கதை

கரக்பூரில் வாழும் நமக்குக் கால்பைசாகி என்னும் வடமேற்குப் புயற்காற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பங்குனி முதல் வைகாசி வரை பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் வடமேற்கே மை பூசினாற்போல் வானம் கறுக்கும். சிறிது நேரத்திற்குள் காற்றும் மழையும் ஒன்றாக வந்து மோதும். சென்ற ஆண்டு சித்திரையில் அவ்வாறு வந்த காற்று ஒன்று, நாம் இப்போது அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தின் தகரக் கூரையிலிருந்து பதினான்கு தகடுகளைப் பெயர்த்து எறிந்தது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி முன்புதான் வீடு திரும்பியிருந்தனர். ஒரு தகடு அவர்கள் அமரும் பாயின் மீதே கிடந்தது. அதைக் கண்ட தாய்மார் சிலர் அடுத்த வாரம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்களை யார் குறை கூற முடியும்?

புதுத் தகடு வாங்கி முன்போலவே பொருத்திவிடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானிக்க இருந்தது. அப்போது கட்டடப் பொறியியல் கடைசி ஆண்டு பயிலும் நம் காலனி மாணவி ஒருத்தி எழுந்து, "முன்போலவே பொருத்தினால் முன்போலவே பறக்கும் அல்லவா, மாமா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை.

கூரையைக் காற்று ஏன் தூக்குகிறது என்பதை அவள் விளக்கியபோதுதான் நமக்கு விளங்கிற்று. காற்று கூரையை மேலிருந்து அமுக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் சரிவு குறைந்த கூரையின் விளிம்பில் ஏறும் காற்று, தகட்டை ஒட்டிச் செல்லாமல் விலகி எழுகிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைந்து, தகடு மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தாலோ, உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. மேலே இழுப்பு, கீழே தள்ளல். இவ்விரண்டுக்கும் இடையில் ஆணி என்ன செய்யும்?

காற்றுப் பளுவுக்கென இந்தியத் தர நிர்ணயக் குழுமம் வகுத்த விதிநூல் ஒன்று உண்டு. ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம் என்பது அதன் பெயர். 2015-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அந்நூல் கல்கத்தாவுக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர்; அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி மீண்டும் 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் வரும். ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். நம் தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவும் தேறாது. கூரை பறந்தது வியப்பன்று. அத்தனை காலம் பறவாமல் இருந்ததே வியப்பு.

இவ்விதிநூல் எளிய வடிவமுள்ள கட்டடங்களுக்குக் கணக்குத் தருகிறது. நம் மண்டபத்துக்கோ ஒரு பக்கம் குவார்ட்டர்ஸ் வரிசை, ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, முன்னால் பின்னாளில் சேர்த்த தாழ்வாரம். காற்று இவற்றினூடே எப்படி வளைந்து வருகிறது என்பதைக் கணித்துப் பார்ப்பதையே தன் கல்லூரித் திட்டக் கட்டுரையாக எடுத்துக்கொள்வதாக அம்மாணவி சொன்னாள். இவ்வாறு ஒன்றைச் செய்து பார்க்காமலே, செய்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணித்தறிவதைச் சிமுலேஷன் என்கின்றனர்.

காற்றைக் கணக்கிடுதல்

காற்றைக் கணக்கிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்து நாட்டு ரிச்சர்ட்ஸன் என்னும் அறிஞர் 1922-இல் ஒரு நூல் வெளியிட்டார். வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் அழுத்தமும் வேகமும் அடுத்த நேரத்தில் என்னவாகும் என்பதை அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணக்கிடலாம் என்பது அவர் கண்ட வழி. அதற்கு யந்திரம் ஏதும் அக்காலத்தில் இல்லை. ஆகவே 64,000 கணக்கர்கள் பெரியதோர் அரங்கில் அமர்ந்து, ஆளுக்கொரு பங்காகக் கணக்கிடுவதாக அவர் கற்பனை செய்தார். கணக்கு எழுதியே பிழைக்கும் நம் போன்றோர்க்கு இது மனத்துக்கு உகந்த கற்பனை அன்றோ!

அவரே தம் கையால் ஒரு கணக்கைப் போட்டும் பார்த்தார். 1910 மே மாதம் 20-ஆம் தேதியன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியது என்பதே கணக்கு. வந்த விடை 145 மில்லிபார் ஏற்றம். உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ அசையாமலே இருந்தது. முறையில் பிழையில்லை, இட்ட தொடக்க எண்களில் குறை இருந்தது. இதைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்று அந்த 64,000 கணக்கரின் வேலையைக் கணினி செய்கிறது. மண்டபத்தைச் சுற்றியுள்ள வெளியைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கும் வேலைக்கு வலை பின்னுதல் என்று பெயர். இதற்கு உதவும் ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருள், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004 முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக உள்ளது. நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி என்னும் திட்டத்தினர் இதைப் பரப்பி வருகின்றனர். ஆக, மென்பொருளுக்குக் காசில்லை. யந்திரத்துக்குத்தான் காசு.

அம்மாணவியின் மடிக்கணினியின் நினைவகம் 8 ஜி.பி. நல்ல கணக்குக்கு 80 இலட்சம் அறைகள் வேண்டும். பத்து இலட்சம் அறைக்குச் சற்றேறக்குறைய ஒரு ஜி.பி. என்பது அனுபவக் கணக்கு. வலை பின்னும்போது அதனினும் கூடுதலாகக் கேட்கும். இரவெல்லாம் மடிக்கணினி சூடேறி முனகிவிட்டு விடியலில் உறைந்து நின்றது. நம் ஊர் ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கி வைக்கப்பட்ட பரம் சக்தி என்னும் மீக்கணினி இருக்கிறது. அதன் திறன் வினாடிக்குப் பதினாறரைக் கோடி கோடி கணக்குகள். ஆனால் அதில் இடம் பெற ஆய்வுத் திட்டம், அனுமதி, முறை யாவும் உண்டு. வேறொரு கல்லூரியில் படித்து, நான்கு வாரத்தில் கட்டுரை தர வேண்டிய பெண்ணுக்கு அது கூப்பிடு தூரத்தில் இருந்தும் எட்டாக் கனியே.

வாடகை யந்திரம்

பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்வது புதிதன்று. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினி வந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 2,700 வெற்றிடக் குழல்களைக் கொண்டு தாமே கட்டிய டிஃப்ராக் 1960-இல் இயங்கிற்று. கணக்கு வைத்திருந்தவர்கள் யந்திரம் இருக்கும் ஊரைத் தேடிச் சென்ற காலம் அது. இன்று கணக்கு மட்டும் கம்பி வழியே செல்கிறது. ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அமேசான் நிறுவனம் 2006-இல் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது; 2016-இல் பம்பாயிலும் அதன் நிலையம் திறந்தது. இப்போது இத்தொழிலில் பல நிறுவனங்கள் உள்ளன. இதைத்தான் பிள்ளைகள் கிளவுட் என்றும், நூலாசிரியர்கள் மேகக் கணிமை என்றும் சொல்கின்றனர். மேகத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் தரையிலேயே, பெரிய கொட்டகைகளில், இரவு பகலாகக் குளிரூட்டப்பட்டு இருக்கின்றன.

நமக்கு இது கேட்டவுடன் புரிந்துவிட்டது. வணிகர் ஒருவர் சரக்கு அனுப்ப ரயில் பெட்டியை விலைக்கு வாங்குவதில்லை. இண்டெண்ட் போடுகிறார், வாகன் வருகிறது, ஏற்றி இறக்குகிறார், திருப்பி விடுகிறார். இதுவும் அதுவே.

மாணவியும் நாமும் சேர்ந்து இதை அமைத்த முறையை, பின்னால் செய்ய விரும்புவோர்க்குப் பயன்படும் என்று சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலில் கணக்குத் திறக்க வேண்டும். அதற்குக் கடன் அட்டை தேவை. நம் அட்டையைக் கொடுத்தோம். திறந்த கணக்கின் தலைமைச் சாவியை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. அதற்குக் கைப்பேசி வழியாக இரண்டாம் பூட்டும் போட்டு எடுத்து வைத்துவிட்டு, குறைந்த அதிகாரமுள்ள தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தலைமைச் சாவி கள்வர் கையில் சிக்கினால், அவர்கள் நம் பெயரில் நூறு யந்திரங்களை ஓட்டிவிட்டுப் போவர்.

அடுத்து, எந்த ஊர் யந்திரம் என்பது. வாடகை ஊருக்கு ஊர் வேறுபடும். நாம் பம்பாயைத் தேர்ந்தோம். புதிய கணக்குக்குப் பெரிய யந்திரத்தை உடனே தரமாட்டார்கள். ஓர் உச்ச வரம்பு வைத்திருப்பார்கள். காரணம் எழுதி விண்ணப்பித்தால் உயர்த்துவார்கள். நமக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசி இரவில் இதைத் தொடங்குபவர் ஏமாந்து போவார்.

யந்திரத்தைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. விலைப்பட்டியலில் 64 செயலிகள் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 32 உண்மையான கோர்களையே குறிக்கும். ஒரு கோரை இரண்டாக எண்ணுவது அவர்கள் வழக்கம். காற்றுக் கணக்குக்கு உண்மைக் கோர்களின் எண்ணிக்கையே பேசும். அப்படியானால் கோர்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா? ஒரு வாகனில் நான்கு சுமைத் தொழிலாளர் இறக்கும் சரக்கை எட்டுப் பேர் பாதி நேரத்தில் இறக்குவர். நாற்பது பேரை விட்டால் கதவண்டை ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு நிற்பர். கோர்களும் அப்படியே. ஒவ்வொன்றும் தன் பங்கின் எல்லையில் உள்ள எண்களை அண்டைக் கோருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பங்கு மிகச் சிறிதானால் வேலையைவிடப் பேச்சே மிகுதியாகிவிடும். நம் 80 இலட்சம் அறைகளை 32-ஆல் வகுக்க, கோருக்கு இரண்டரை இலட்சம் வந்தது. அது பொருத்தமான பங்கு.

பின்னர் அந்த யந்திரத்தில் லினக்ஸும் ஓப்பன்ஃபோமும் நிறுவி, நம் இணைய முகவரியிலிருந்து மட்டும் உள்ளே வரும்படி வாயிலைக் குறுக்கி, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பை வைத்துக்கொண்டோம். கணக்கை அனுப்பப் பெரும்பாலும் கட்டணமில்லை. விளைவுகளைத் திரும்பக் கொணர, இலவச அளவு கடந்தால் கட்டணம் உண்டு. ஆதலால் மலைபோன்ற எண்களை அங்கேயே படமாக்கி, படங்களையும் வேண்டிய அட்டவணைகளையும் மட்டும் இறக்கிக்கொள்வது சிக்கனம். காலியாக இருக்கும் யந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தரும் முறையும் உண்டு. ஆனால் வேறொருவர் முழு வாடகை கொடுத்துக் கேட்டால் இரண்டே நிமிட அறிவிப்பில் பிடுங்கிக்கொள்ளும் நிறுவனமும் உண்டு. ஆகவே அதை நாடுவோர் இடையிடையே கணக்கைச் சேமித்து வைப்பது அவசியம்.

பெரிய யந்திரத்தில் ஏற்றுமுன் சிறிய வலையில், மடிக்கணினியிலேயே ஒரு முன்னோட்டம் பார்த்தாள் மாணவி. விடை முற்றும் அபத்தமாக இருந்தது. இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. மண்டபத்தின் படத்தை அவள் மில்லிமீட்டரில் வரைந்திருந்தாள். மென்பொருளோ எல்லாவற்றையும் மீட்டராகவே கொள்ளும். அறுபதடி மண்டபம் அதன் கணக்கில் பதினெட்டுக் கிலோமீட்டர் நீளமாகிவிட்டது! ரிச்சர்ட்ஸன் பெருமகனார்க்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்தது. காசு செலவாகுமுன் அது வெளிப்பட்டதே நம் பேறு.

திரை மூடியது, யந்திரம் மூடவில்லை

இனி, செயலாளர் ஒளிக்காமல் சொல்லச் சொன்ன பகுதிக்கு வருகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. எட்டுத் திசைகளிலிருந்தும் காற்று வருவதாக எட்டுக் கணக்குகள். ஒன்பது மணி நேரத்தில் யாவும் முடிந்தன. மணிக்கு 240 ரூபாய் வீதம் 2,160 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத வரியும். படங்களை இறக்கிக்கொண்டு மாணவி மடிக்கணினியை மூடினாள். எங்கள் இரு வீட்டிலும் அன்று பாயசம். செவ்வாய் இரவு, எவ்வளவு ஆயிற்று என்று பார்ப்போம் என நாம் கணக்கைத் திறந்தோம். யந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேலை ஏதுமின்றி 96 மணி நேரம் வெறுமனே ஓடியிருந்தது. 23,040 ரூபாய், வரியோடு 27,187 ரூபாய்.

"திரையை மூடிவிட்டேனே, மாமா!" என்றாள் அப்பெண். அவள் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மடிக்கணினியை மூடினால் பம்பாயில் இருக்கும் யந்திரத்துக்கு என்ன தெரியும்? நிலையத்து விளக்கை அணைத்தால் யார்டில் நிற்கும் எஞ்சின் நின்றுவிடுமா?

மறுநாள் மாலை அவள் தந்தையார் நம்மை நாடி வந்தார். பணிமனையில் டெக்னீஷியன், நம்மினும் மூத்தவர். ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் விண்ணப்பத் தாளை எழுதியே கொண்டுவந்து மேசை மீது வைத்தார். "ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்கள், தம்பி. பெண் செய்த பிழைக்கு நீங்கள் ஏன் பொறுக்க வேண்டும்?" என்றார். அத்தோடு, "இனி இந்த வேலையே வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்" என்றும் சொன்னார்.

அந்தத் தாளைப் பார்த்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளாக நாம் எழுதும் கணக்கு என்ன? இலவச நேரம் கடந்து வாகனை நிறுத்தி வைத்தால் மணிக்கணக்கில் டெமரேஜ். இறக்கிய சரக்கை ஷெட்டிலேயே விட்டு வைத்தால் வார்ஃபேஜ். "சரக்கு இறங்கிவிட்டதே, ஐயா" என்று வரும் வணிகரிடம், "வாகனை விடுவித்தீர்களா?" என்று கேட்பதற்காகவே நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்பெண் கணக்குப் போடப் படித்தவள். வாடகை யந்திரத்தைக் கண்டவள் அல்லள். "விடுவித்தாயா?" என்று வெள்ளிக்கிழமை இரவே கேட்டிருக்க வேண்டியவர் நாம். கேட்கவில்லை. பாயசம் குடித்துவிட்டு உறங்கினோம்.

இதையே அவரிடம் சொன்னோம். நிறுவனத்தாரையும் குறை கூற இடமில்லை. விலைப்பட்டியல் வெளிப்படையாகவே இருந்தது. கூரை நிதியில் கை வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பணத்தை நாமே மூன்று தவணையில் கட்டினோம். அவர் கடன் வாங்கவில்லை. ஆயினும் மாதம் ஐந்நூறு ரூபாய் தம் பங்காகத் தருவேன் என்று பிடிவாதமாக நின்றார். மறுத்தால் அவர் மனம் நோகும் என்று கண்டு ஏற்றுக்கொண்டோம். பதிலுக்கு நாம் கேட்டது ஒன்றே: பெண் வேலையை விடக் கூடாது.

அதன்பின் எங்கள் அலுவலக வழக்கப்படி ஒரு பதிவேடு தொடங்கினோம். யந்திரம் எப்போது எடுக்கப்பட்டது, எதற்கு, எத்தனை மணிக்கு முடியும், எப்போது விடுவிக்கப்பட்டது என்று நான்கு பத்திகள். கணக்கு முடிந்ததும் யந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் கட்டளையை வேலைப் பட்டியலின் கடைசி வரியாக எழுதினோம். இதிலும் எச்சரிக்கை வேண்டும். சில நிறுவனங்களில், யந்திரத்தின் உள்ளிருந்து நிறுத்தினால் மட்டும் வாடகை நிற்காது. வெளியிலிருந்து முறைப்படி விடுவித்தால்தான் நிற்கும். யந்திரம் நின்ற பிறகும் அதன் வட்டில் கிடக்கும் எண்களுக்குச் சேமிப்புக் கட்டணம் ஓடும். இது நம் வார்ஃபேஜ். வேண்டியதை எடுத்துக்கொண்டு வட்டையும் நீக்கினால்தான் கணக்குத் தீரும். செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் கடிதம் அனுப்பும் ஏற்பாடும் செய்துகொண்டோம். ஆனால் அக்கடிதம் பல மணி நேரம் பிந்தி வரக்கூடும்; கடிதம் மட்டும் யந்திரத்தை நிறுத்தாது. மணி அடிப்பவன் காவலன் ஆகமாட்டான்.

பெற்ற விடை

நிற்க. இத்தனைக்கும் பிறகு கூரையைப் பற்றி அறிந்தது என்ன?

வடமேற்குக் காற்றில் மிகக் கடுமையான உறிஞ்சல், தொட்டிக்கும் குவார்ட்டர்ஸ் வரிசைக்கும் இடையே உள்ள சந்து நேராக வந்து முட்டும் மூலையில் இருந்தது. பறந்த தகடுகளில் பெரும்பாலானவை அம்மூலையைச் சேர்ந்தவையே. தாழ்வாரத்தின் அடியில் புகும் காற்று விளிம்புத் தகடுகளைக் கீழிருந்து தள்ளுகிறது என்பதும் தெரிந்தது. மாணவி இவ்விடையை அப்படியே நம்பிவிடவில்லை. வலையை இன்னும் நுணுக்கி, அதே கணக்கை மீண்டும் போட்டு, விடை பெரிதும் மாறவில்லை என்று உறுதி செய்தாள். பின்னர் விதிநூல் தரும் எண்களோடு ஒப்பிட்டு, இரண்டில் எது கடுமையோ அதையே கொண்டாள். தகுதி பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் யாவற்றையும் சரிபார்த்துக் கையொப்பம் இட்ட பிறகே கொத்தனாரை அழைத்தோம். கணினி சொன்னது என்பதற்காகப் பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ் உட்கார வைக்கலாகாது.

மூலைகளிலும் விளிம்புகளிலும் ஜே போல்ட்டுகளை முன்னினும் நெருக்கமாகப் போட்டோம். நடுவில் முன்பு இருந்த இடைவெளியே போதுமென்று விட்டோம். கூரைச் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்தோம். காற்று எழும்போது வடமேற்குக் கதவை மூடிவிட வேண்டும் என்று எழுதி மாட்டினோம். அப்பலகை இதோ உங்கள் வலப்புறத்தில் தொங்குகிறது. அவ்வளவே. கூரை முழுவதையும் மாற்றும் செலவு மிச்சமாயிற்று.

இவ்வாண்டும் கால்பைசாகி வந்தது, கூரை நின்றது. இதைக் கொண்டு நம் கணக்கு மெய்யாகிவிட்டது என்று நாம் மார்தட்டப் போவதில்லை. ஒரு புயல் ஒரு தேர்வு; இன்னும் பல தேர்வுகள் வரும். ஆனால் பிள்ளைகளை அனுப்பாதிருந்த தாய்மார்கள் மீண்டும் அனுப்புகின்றனர். இன்று வாழ்த்துப் பாடிய குழந்தைகளில் சிலர் அவ்வீட்டுப் பிள்ளைகளே.

ஒரு வேண்டுகோள்

நம் முன்னோர் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காலத்திலும் அதன் பின்னும் பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்தார்கள். கையில் தொழில் இருந்தது, கருவி இருக்கவில்லை. கருவியை ரயில்வே கொடுத்தது. இன்று நம் பிள்ளைகளிடம் படிப்பு இருக்கிறது. பெரிய கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. நடுவில் நிற்பது இரண்டு: சிறு தொகையும், பெரிய அச்சமும். தொகைக்காக ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம். மாணவர் எவரும் விண்ணப்பிக்கலாம். பதிவேடு வைக்க வேண்டும். சிறு வலையில் முன்னோட்டம் காட்ட வேண்டும். யந்திரத்தை விடுவித்ததற்கு இரண்டாம் ஒருவர் கையொப்பம் இட வேண்டும்.

அச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். அந்த இரண்டாம் கையொப்பத்துக்குக் கல்வி கற்றவர்தாம் வேண்டும் என்பதில்லை. நுணுக்கிய வலையில் கணக்கை மறுபடியும் ஓட்டிய இரவில், அம்மாணவியின் தாயார் தாமே அப்பொறுப்பை ஏற்றார். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். யந்திரம் நின்றுவிட்டது என்பதற்குக் கைப்பேசியில் எந்தச் சொல் வரும் என்பதை மகளிடம் கேட்டு, அதைக் காலண்டர்த் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அலாரம் வைத்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தார், தாளில் இருந்த எழுத்தையும் திரையில் இருந்த எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார், ஒத்திருந்தது, பின்னரே மகளை உறங்க விட்டார். பதிவேட்டின் நான்காம் பத்தியில் முதன்முதலாக விழுந்த கையொப்பம் அவருடையது. கோணலான எழுத்து, ஆனால் நம் அலுவலகத்தில் எந்தத் தணிக்கையாளரும் அதில் குறை காண மாட்டார்.